கேம் ஓடும்போது லேப்டாப் கொதித்துக் கத்துகிறதா? காசு செலவழிக்கும் முன் இதைப் படியுங்கள்

அண்ணனுக்கு நைட் ஷிஃப்ட். காலை எட்டரைக்கு வந்து படுத்தால் மூன்று மணி வரை தூக்கம். எனக்கு வேலை மதியம்தான் தொடங்கும், அதனால் விளையாட்டெல்லாம் காலையில். வேளச்சேரி வாடகை வீட்டில் இருவருக்கும் ஒரே அறை. நான் ஹெட்செட் மாட்டிக்கொண்டிருப்பதால் எனக்கு ஒன்றும் கேட்காது. ஏப்ரலில் ஒரு நாள் அவர் எழுந்து உட்கார்ந்து, "தலைமாட்டுல மாவு மெஷின் ஓடுற மாதிரி இருக்குடா. ஒண்ணு நீ வெளிய போ, இல்ல அது போகட்டும்" என்றார்.

அன்று தொடங்கி மூன்று மாதம் அலைந்தேன். முதலில் 1,800 ரூபாய்க்கு ஒரு கூலிங் பேட். பிறகு ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில் 1,200 ரூபாய் கொடுத்து, சிப்பின் சூட்டை வெப்பக் குழாய்க்குக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றினேன். அதுவும் சரிவராமல், 1,250 ரூபாய்க்குச் சாமான் வாங்கி நானே மறுபடி செய்தேன். ஆக 4,250 ரூபாய். இதில் கசப்பு என்னவென்றால், பெரிய வித்தியாசத்தைக் கொடுத்தவை ஒரு பைசா செலவில்லாத மூன்று செட்டிங்குகள். அவற்றை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். நீங்கள் முதலில் செய்ய வேண்டும் என்பதற்காக இந்தக் கட்டுரை.

என்னுடையது ரைசன் 7 5800எச் சிபியு (கணக்குப் போடும் முதன்மைச் சிப்), ஆர்டிஎக்ஸ் 3060 ஜிபியு (படம் வரையும் சிப்), 144 ஹெர்ட்ஸ் திரை உள்ள லேப்டாப். வாங்கி இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்களுடையது வேறாக இருந்தால் எண்கள் மாறும், செய்ய வேண்டிய வரிசை மாறாது. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிக்கு முன் ஒரு பகுதி இருக்கிறது.

1. எது சத்தம் போடுகிறது என்று கண்டுபிடியுங்கள்

எல்லாச் சத்தமும் ஃபேன் சத்தம் இல்லை. மூன்று வகை உண்டு.

"ஊஊ" என்று காற்று அடிப்பது போல, சூட்டோடு சேர்ந்து ஏறி இறங்குவது சாதாரண ஃபேன் சத்தம். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதற்குத்தான்.

"கரகர", "டக்டக்" என்று, லேப்டாப்பைச் சாய்த்தால் மாறுகிற சத்தம் வந்தால் ஃபேனின் பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது வயரோ தூசியோ இறக்கையில் உரசுகிறது. இதற்கு எந்த செட்டிங்கும் உதவாது. வாரன்டி இருந்தால் நேராக 6-ஆம் படிக்குப் போங்கள்.

மூன்றாவது, கொசு ரீங்காரம் போன்ற மெல்லிய கீச்சொலி. கேம் மெனுவில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற எண்) ஆயிரக்கணக்கில் ஏறும்போது கூடும், எஃப்பிஎஸ் குறைந்தால் உடனே அடங்கும். இது ஃபேனே இல்லை. மின்சாரம் பாயும் காயில்கள் அதிர்கிற சத்தம். ஆபத்தில்லை. எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறதா? அடிமூடி வீங்கியிருக்கிறதா? பேட்டரி உப்பியிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு லேப்டாப்பை அணைத்து, சார்ஜ் போடாமல் சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். அதை அழுத்துவதும் குத்துவதும் தீப்பிடிக்கிற விஷயம்.

2. அளந்து, தாளில் எழுதி வையுங்கள்

நான் செய்த முதல் தப்பு, அளக்காமல் பொருள் வாங்கியது. கூலிங் பேட் வந்த அன்று கையை வைத்துப் பார்த்து "சூடு குறைந்த மாதிரி இருக்கே" என்று சந்தோஷப்பட்டேன். "மாதிரி" என்பதற்கு 1,800 ரூபாய்.

எச்டபிள்யூஇன்ஃபோ64 என்ற மென்பொருள் இலவசம். அதை 'சென்சார்ஸ் ஒன்லி' முறையில் திறந்து, கேமைத் தொடங்கி, 20 நிமிடம் விளையாடிய பிறகு பாருங்கள். முதல் ஐந்து நிமிட எண்ணை நம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் செம்பு சூடாகி நிலைக்கு வர நேரம் எடுக்கும். புது கேம்கள் முதல் முறை திறக்கும்போது 'ஷேடர்' (படம் வரைய ஜிபியுவுக்குத் தேவையான குறிப்புகள்) தயாரித்துக்கொண்டிருக்கும், அப்போது சிபியு முழு வீச்சில் ஓடும். அந்த நேரத்திலும் அளக்காதீர்கள்.

எழுத வேண்டியவை: சிபியு வெப்பம், ஜிபியு வெப்பம், இரண்டும் எடுக்கும் வாட், ஃபேன் சுழற்சி (சில லேப்டாப்பில் இது காட்டாது), எஃப்பிஎஸ், அறையின் வெப்பம். கடைசியைப் பலர் விட்டுவிடுவார்கள். மற்றதெல்லாம் மாறாமல் அறை 10 டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறத்தாழ 10 டிகிரி ஏறும். ஜனவரியில் எடுத்த எண்ணையும் கத்திரி வெயிலில் எடுத்த எண்ணையும் ஒப்பிட்டு "பேஸ்ட் காய்ந்துவிட்டது" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. நானும் அதைத்தான் செய்தேன்.

எந்த எண் மோசம்? 5800எச் சிபியுவின் உச்ச வரம்பு 105 டிகிரி. இன்டெல் லேப்டாப் சிபியுக்கள் பலவற்றுக்கு 100. என்விடியா லேப்டாப் ஜிபியுக்கள் பெரும்பாலும் 87-ஐ ஒட்டித் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, விளையாடும்போது சிபியு 85 என்றால் பயப்பட வேண்டாம், கேமிங் லேப்டாப்பின் இயல்பே அதுதான். 95-ஐத் தாண்டி அங்கேயே நின்றாலோ, எஃப்பிஎஸ் திடீர் திடீரென விழுந்தாலோ கவனிக்க வேண்டும்.

என் முதல் தாள்: அறை 34 டிகிரி. சைபர்பங்க் 2077-ல் சிபியு 94, ஜிபியு 86, ஃபேன் 5,400 சுற்று. வேலொரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கி கேமில் சிபியு 96.

சத்தத்துக்கு ஃபோனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போதும். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் ஒரே ஃபோனை ஒரே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் அளந்தால் வித்தியாசம் தெரியும். நான் அண்ணன் தலையணை மேல் வைத்து அளந்தேன். சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு அளக்க வேண்டும், அதனால் அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக்கொண்டேன்.

3. சூட்டை உருவாக்குவதையே குறையுங்கள் (செலவு: 0, நேரம்: ஒரு மாலை)

ஃபேன் சத்தம் என்பது விளைவு. சூடு உண்டாகிறது, ஃபேன் அதை வெளியே தள்ளுகிறது. நாம் எல்லாரும் தள்ளுவதை மேம்படுத்தப் பணம் செலவழிக்கிறோம். உண்டாவதைக் குறைத்தால் ஃபேனுக்கு வேலையே இல்லை.

முதல் செட்டிங், எஃப்பிஎஸ் வரம்பு. என் திரை நொடிக்கு 144 படம்தான் காட்டும். வேலொரன்ட் 210 படம் வரைந்துகொண்டிருந்தது. மீதி 66 படத்துக்கான மின்சாரம் சூடாக மட்டும் வெளியே வந்தது. (போட்டியாக ஆடுகிறவர்கள் தாமதம் குறையும் என்பதற்காகக் கூடுதல் எஃப்பிஎஸ் வைத்துக்கொள்வார்கள். அது அவர்கள் கணக்கு. என் ரேங்குக்கு அது தேவையில்லை.) என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'மேனேஜ் 3டி செட்டிங்ஸ்' உள்ளே 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்' இருக்கிறது. ஏஎம்டி கார்டு என்றால் 'ரேடியான் சில்'. பல கேம்களில் உள்ளேயே வரம்பு வைக்கலாம். வேலொரன்ட்டில் மெனுவுக்குத் தனி வரம்பு, பின்னணியில் இருக்கும்போது தனி வரம்பு என்று இருக்கிறது. இரண்டையும் 30-க்கு இறக்குங்கள். மெனுவில் ஆளுக்காகக் காத்திருக்கும்போது ஃபேன் அலறுவது உடனே நிற்கும்.

எவ்வளவு வைப்பது? கதை கேம்களுக்கு நான் 72 வைக்கிறேன், 60 அல்ல. 144-ல் சரிபாதி 72, ஒவ்வொரு படமும் திரையில் சம நேரம் நிற்கும். 60 வைத்தால், ஜி-சிங்க் போன்ற, கேமின் வேகத்துக்குத் திரை தன்னை மாற்றிக்கொள்ளும் வசதி இல்லாத திரையில் லேசாகத் தடுக்கித் தடுக்கி ஓடுவது போல இருக்கும். உங்கள் திரை 120 ஹெர்ட்ஸ் என்றால் 60, 165 என்றால் 82 அல்லது 83.

இரண்டாவது, சிபியு பூஸ்ட், அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் சிபியு தானாகவே பாய்வது. விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் போய், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் 'புராசஸர் பவர் மேனேஜ்மென்ட்' திறந்து, 'மேக்ஸிமம் புராசஸர் ஸ்டேட்' என்பதை 100-லிருந்து 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். உண்மையில் அது பூஸ்டையே நிறுத்திவிடும். என் சிபியு 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை பாயக்கூடியது, 99 வைத்ததும் 3.2-ல் நின்றுவிட்டது. சூடு மட்டும் 20 டிகிரி இறங்கியது. காரணம் எளிது. கடைசிக் கொஞ்ச வேகத்துக்காக வோல்டேஜை ஏற்ற வேண்டியிருக்கிறது, மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிறது. மேலே போகப் போக வேகம் கொஞ்சம், சூடு ரொம்ப.

இதில் ஒரு பொறி. எல்லாச் சிபியுவுக்கும் இது பொருந்தாது. உதாரணமாக இன்டெல் 12700எச்-இன் அடிப்படை வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ்தான். அங்கே பூஸ்டை நிறுத்தினால் பெரிய கேம்கள் நொண்டும். உங்கள் சிபியுவின் அடிப்படை வேகம் 3-க்குக் கீழே என்றால் இதை விட்டுவிட்டு, லேப்டாப்போடு வந்த மென்பொருளில் 'சைலன்ட்' அல்லது 'பேலன்ஸ்ட்' மோடு போடுங்கள். அது சிபியு எடுக்கும் வாட்டுக்கு உச்சவரம்பு வைக்கும். சில லேப்டாப்பில் 'புராசஸர் பவர் மேனேஜ்மென்ட்' என்ற வரியே தெரியாது, அவர்களுக்கும் இதே வழிதான்.

மூன்றாவது, ஜிபியு அண்டர்வோல்ட், அதாவது ஜிபியுவைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டுவது. பெயரைக் கேட்டுப் பயந்து நான் இரண்டு மாதம் தள்ளிப் போட்டேன். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம், லேப்டாப் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஓடும். திறந்து கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் ஒரு வளைகோடு வரும். படுக்கை அச்சு வோல்டேஜ், நிற்கும் அச்சு வேகம். 800 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 1,650 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்றி, அதற்கு வலப்பக்கப் புள்ளிகள் எல்லாவற்றையும் அதே உயரத்துக்குச் சமமாக்கி, 'அப்ளை' கொடுத்தேன். அதாவது "இந்த வோல்டேஜுக்கு மேல் நீ போகவே வேண்டாம்" என்று ஜிபியுவிடம் சொல்கிறோம். என் எண் உங்களுக்குச் சரியாக இருக்கும் என்று இல்லை, ஒரே மாடல் ஜிபியுக்களே ஒன்றுக்கொன்று வேறுபடும். கேம் மூடிக்கொண்டால் அல்லது திரையில் புள்ளி புள்ளியாக வந்தால் 25 மில்லிவோல்ட் கூட்டுங்கள். உடைந்தெல்லாம் போகாது. ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும். இரண்டு நாள் விளையாடி நிலையாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே, விண்டோஸ் திறக்கும்போதே போடும் வசதியை இயக்குங்கள். முதல் நாளே இயக்காதீர்கள்.

சிபியு அண்டர்வோல்ட் பற்றி வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். 2019 டிசம்பரில் 'பிளண்டர்வோல்ட்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு, இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) வழியாக அதைப் பூட்டிவிட்டார்கள். அண்டர்வோல்ட் மென்பொருளில் அதற்கான பட்டன் மங்கலாக இருந்தால் உங்களுடையதும் பூட்டியதுதான். மேலே சொன்ன மூன்றும் போதும்.

இந்த மூன்றுக்கும் பிறகு என் தாள்: அதே சைபர்பங்க், அதே 34 டிகிரி அறை. சிபியு 74, ஜிபியு 75, ஃபேன் 3,900 சுற்று. 5,400-லிருந்து 3,900-க்கு இறங்கினால் கணக்குப்படி சுமார் 7 டெசிபல் குறைய வேண்டும், ஃபோன் ஆப்பும் அதை ஒட்டியே காட்டியது. 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதிச் சத்தம் போலத் தோன்றும் என்பார்கள். அதில் முக்கால் தூரம் இலவசமாக வந்துவிட்டது.

4. ஃபேன் கர்வ்: சத்தத்தை விட ஏற்ற இறக்கமே தொந்தரவு

அண்ணன் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது. "சீலிங் ஃபேனும்தான் சத்தம் போடுது, அதுல தூங்குறேனே. உன்னோடது ஏறி ஏறி இறங்குது, அதான் முழிப்பு வருது."

ஆகவே ஃபேன் வேகத்தை அடிக்கடி மாறவிடாதீர்கள். லேப்டாப்போடு வந்த மென்பொருளில் கர்வ் (எந்தச் சூட்டுக்கு ஃபேன் எந்த வேகம் என்ற கோடு) மாற்ற முடிந்தால், 60 டிகிரி முதல் 80 வரை ஏறத்தாழ ஒரே வேகத்தில் தட்டையாக வைத்து, 85-க்கு மேல் செங்குத்தாக ஏற்றுங்கள். 'ஹிஸ்டெரிசிஸ்' என்று ஒன்று இருந்தால் 4, 5 டிகிரி கொடுங்கள், ஒரு டிகிரி மாறியதற்கெல்லாம் ஃபேன் துள்ளாது. ஃபேனை ஒரேயடியாக மட்டுப்படுத்தி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வெளி மென்பொருள் போடுகிறீர்கள் என்றால் ஒன்று. வேலொரன்ட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வான்கார்ட், 2020-இல் சில வெப்ப அளவீட்டு, ஃபேன் கட்டுப்பாட்டு மென்பொருள்களின் டிரைவரை ஓடவிடாமல் தடுத்தது. கேம் திறக்கவில்லை அல்லது ஃபேன் திடீரென்று நின்றுவிட்டது என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

5. வைக்கிற இடம்

மெத்தை மேல், தலையணை மேல், மடியில் வைத்து விளையாடாதீர்கள். காற்று உள்ளே போகும் ஓட்டைகள் அடியில் இருக்கின்றன. மேசையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு வாட்டர் பாட்டில் மூடி மேல் தூக்கி வையுங்கள். எனக்கு 3 டிகிரி இறங்கியது. 1,800 ரூபாய் கூலிங் பேடும் அதே 3 டிகிரிதான் இறக்கியது, கூடவே அதன் ஃபேன் சத்தம் வேறு.

பின்னால் சுவருக்கும் லேப்டாப்புக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சுவரில் மோதிய சூடான காற்றைத் திரும்பவும் உறிஞ்சிக்கொண்டிருந்தது என்னுடையது. கதவை முழுக்கச் சாத்தாதீர்கள். லேப்டாப் 150 வாட் எடுத்தால் அந்த 150 வாட்டும் அறைக்குள்தான் சூடாக இறங்குகிறது. சின்ன அறையில் இரண்டு மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும். ஏசி உள்ள அறை என்றால் 34-லிருந்து 26-க்கு வந்தாலே லேப்டாப்புக்கு 8 டிகிரி லாபம். அதற்காக ஏசி போடச் சொல்லவில்லை. எப்படியும் போடுகிற நேரத்துக்கு விளையாட்டை மாற்றிக்கொள்ளலாம்.

6. திறக்கும் முன்: வாரன்டியும் தாள்களும்

நான் ரொம்ப அடிபட்டது இதில்தான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: ஜிஎஸ்டி பில் (பேப்பர் மங்கிவிடும், ஃபோட்டோ எடுத்து வையுங்கள்), அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணின் ஃபோட்டோ, கூடுதல் வாரன்டி வாங்கியிருந்தால் அதன் மின்னஞ்சல். கம்பெனித் தளத்தில் சீரியல் எண் போட்டு வாரன்டி முடியும் தேதியைப் பாருங்கள். சில நேரம் கடை பில் தேதிக்குப் பதிலாகப் பொருள் வெளியே போன தேதியிலிருந்து கணக்கு ஓடும். பில்லை அனுப்பினால் திருத்திக் கொடுப்பார்கள், எனக்கு ஐந்து வாரம் கூடக் கிடைத்தது.

அடுத்து, "அடிமூடியை நானே திறந்து தூசி எடுத்தால் வாரன்டி போகுமா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். ஃபோனில் கேட்காதீர்கள். ஃபோனில் இரண்டு பேர் எனக்கு இரண்டு பதில் சொன்னார்கள். மின்னஞ்சலில் "பாகங்களுக்குச் சேதம் இல்லாதவரை திறக்கலாம்" என்று வந்தது. அந்த வரி பிறகு என்னைக் காப்பாற்றியது.

எப்படி என்றால், பேஸ்ட் மாற்றிய கடைக்காரர் அடிமூடியின் ஒரு ஸ்க்ரூவைத் தொலைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொடுத்திருந்தார். பிறகு என் இடப்பக்க ஃபேன் கரகரவென்று பேரிங் சத்தம் போடத் தொடங்கி, வாரன்டியில் சர்வீஸ் சென்டருக்குப் போனபோது முதல் கேள்வியே "ஸ்க்ரூ எங்கே?" அந்த மின்னஞ்சலைக் காட்டிய பிறகுதான் ஜாப் ஷீட் (சர்வீஸுக்கு எடுத்துக்கொண்டதற்கான சீட்டு) போட்டார்கள்.

அதுவும் இரண்டாவது நடையில்தான். முதல் நடையில், வண்டியில் கொண்டு போவதற்குள் ஆறிப்போன லேப்டாப்பை சர்வீஸ் ஆள் திறந்து விண்டோஸ் முகப்பை மட்டும் பார்த்தார், சத்தமே இல்லை. "நல்லாத்தானே இருக்கு சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இதைத் தவிர்க்க ஒரே வழி, வீட்டிலேயே வீடியோ எடுப்பது. திரையில் வெப்பமும் ஃபேன் வேகமும் தெரிய வேண்டும், சத்தம் பதிய வேண்டும், 30 நொடி போதும். எச்டபிள்யூஇன்ஃபோவில் 'லாகிங்' பட்டன் அழுத்தினால் 20 நிமிடப் பதிவு ஒரு கோப்பாகக் கிடைக்கும், அதையும் அனுப்புங்கள்.

கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் குறையை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். "ஹீட்டிங்" என்று ஒற்றைச் சொல் எழுதினால் தூசி தட்டி, விண்டோஸ் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. "இடது ஃபேன் பேரிங் சத்தம், வீடியோ இணைப்பு" என்று இருக்கட்டும். ஏற்கெனவே இருக்கும் கீறல்களும் அதில் வர வேண்டும். முக்கியமான கோப்புகளை பேக்கப் எடுத்துவிடுங்கள். எனக்கு ஃபேன் மாற்றிக் கிடைக்க ஆறு நாள் ஆனது, செலவில்லை. நியாயமில்லாமல் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் இதே தாள்கள்தான் வேண்டும்.

வாரன்டி முடிய மூன்று மாதம் இருக்கும்போதே ஒருமுறை எல்லாவற்றையும் அளந்துவிடுங்கள். முடிந்த மறுவாரம் ஃபேன் போவது நம் எல்லாருக்கும் நடக்கிற கதை.

7. தூசி (ஒரு மணி நேரம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை)

வெளியிலிருந்து ஓட்டையில் ஊதினால் தூசி போகாது. ஃபேனுக்கும் தகட்டு வரிசைக்கும் நடுவில் கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளே திரும்பி விழும், அவ்வளவுதான். மூடியைத் திறக்க வேண்டும்.

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் நீளம் வேறு வேறாக இருக்கும். ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கே குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முடுக்கினால் மறுபக்கம் முட்டும்.

பிறகு ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் நகராமல் பிடித்துக்கொண்டு பெயின்ட் பிரஷ்ஷால் தூசியை எடுத்து, பிளோயரால் ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் தன் அளவுக்கு மேல் சுற்றி பேரிங் கெடும். வீட்டு வாக்யூம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், நிலைமின்சாரம் வரும். பிளோயர் வாங்கத் தேவையில்லை. தெரிந்த ஏசி மெக்கானிக், மொபைல் கடை யாரிடமாவது இருக்கும்.

8. பேஸ்ட்

அளந்த பிறகும் சிபியு 90-ஐத் தாண்டுகிறது, தூசி எடுத்தாயிற்று, லேப்டாப்புக்கு இரண்டு வயதுக்கு மேல் ஆகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பேஸ்ட் மாற்றுங்கள்.

முதலில் உங்கள் மாடலில் லிக்விட் மெட்டல் இருக்கிறதா என்று பாருங்கள். சில கேமிங் லேப்டாப்களில் கம்பெனியே போட்டு அனுப்புகிறது. அது காலியம் கலந்த உலோகம், மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். ஒரு துளி போர்டில் விழுந்தால் லேப்டாப் போச்சு. இருந்தால் நீங்கள் தொட வேண்டாம், தெருக்கடையிலும் கொடுக்க வேண்டாம்.

கடையில் கொடுப்பதானால், என்ன பேஸ்ட் என்று பெயர் கேளுங்கள், டியூபைக் கண்ணால் பாருங்கள், எதிரில் வைத்துப் போடச் சொல்லுங்கள். எனக்குப் போட்டது டப்பாவில் வரும் வெள்ளைப் பேஸ்ட். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, மூன்றாம் வாரம் பழைய எண்ணே. லேப்டாப் சிப்புக்கு மேல் மூடி கிடையாது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, இளகிய பேஸ்ட் ஓரத்துக்குப் பிதுங்கிவிடும்.

நானே செய்தபோது வாங்கியது: ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 பேஸ்ட் 650 ரூபாய், ஐசோபுரொபைல் ஆல்கஹால் 150, நல்ல ஸ்க்ரூடிரைவர் செட் 450. கை சானிடைசர் உதவாது, அதில் வேறு கலவை இருக்கும். இன்று வாங்கினால் ஹனிவெல் பிடிஎம்7950 தகடு பார்ப்பேன். அது அறைச் சூட்டில் திடமாக இருந்து 45 டிகிரியை ஒட்டி இளகும், பிதுங்குவது குறைவு. போலிகள் உலவுகின்றன, விற்பவரைப் பார்த்து வாங்குங்கள்.

வெப்பக் குழாய்த் தொகுதியில் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் இருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, மாட்டும்போது 1-லிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக. மெமரி சிப்கள் மேல் இருக்கும் மெத்துமெத்தென்ற பேடுகளைக் கிழிக்காமல் இருந்த இடத்திலேயே விடுங்கள். வேறு தடிமனில் போட்டால் தொகுதி சிப்பில் உட்காராது. சிப் முழுதும் மூடும் அளவுக்குப் பேஸ்ட்டை மெல்லப் பரப்புங்கள். லேப்டாப் சிப்பில் நடுவில் ஒரு பொட்டு மட்டும் வைத்தால் மூலை விட்டுப்போகலாம். எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. சிபியு 74-லிருந்து 68, ஃபேன் 3,500.

பயாஸ் அப்டேட் ஏதாவது ஃபேனைச் சரிசெய்வதாகச் சொன்னால் போடலாம். ஆனால் முன்னதாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பிட்லாக்கர் (விண்டோஸ் கோப்புகளுக்குப் போடும் பூட்டு) மீட்பு எண்ணை எடுத்து எழுதி வையுங்கள். அப்டேட் முடிந்து திறக்கும்போது 48 இலக்க எண் கேட்டு நிற்கலாம், அது இல்லாவிட்டால் கோப்புகள் அவ்வளவுதான். சார்ஜர் மாட்டியிருக்கட்டும், பேட்டரியும் பாதிக்கு மேல் இருக்கட்டும்.

9. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள்

3-ஆம் படி அப்படியே உங்களுக்கும். அது முடிந்ததும் கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி 20 நிமிடம் விளையாடுங்கள். 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் பிரச்சினை காற்றோட்டம், கூலர் இல்லை. முன்னால் கண்ணாடி மூடிய கேபினட்டுகளில் இதுதான் நடக்கும். 800 ரூபாய் 120 மிமீ ஃபேன் ஒன்று முன்னால் வைத்தால் தீரும், 6,000 ரூபாய் லிக்விட் கூலர் வேண்டாம். நான்கு பின் உள்ள ஃபேனாகப் பார்த்து வாங்குங்கள், பயாஸில் கர்வ் வைக்க வசதி. கூடவே 'ஸ்டெப் அப் டைம்' (ஃபேன் வேகம் ஏற எடுத்துக்கொள்ளும் நேரம்) என்று இருந்தால் கூட்டிவிடுங்கள்.

புதிதாகக் கட்டிய கணினி முதல் நாளே 95 டிகிரி போகிறதா? கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருக்கலாம். சிரிக்காதீர்கள், என் நண்பன் நான்கு மாதம் அப்படியே ஓட்டினான்.

பயாஸ் அப்டேட்டை யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். நடுவில் கரன்ட் போனால் போர்டு எழும்பாமலே போகலாம்.

10. செலவும் நேரமும்

3, 4, 5-ஆம் படிகளுக்குப் பணம் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை போதும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து அளந்து எழுதுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது, எது கேமை மூடியது என்று தெரியாது. தூசி எடுக்க ஸ்க்ரூடிரைவர் விலை. பேஸ்ட்டை நீங்களே போட்டால் 800 முதல் 1,300 வரை, கடையில் 800 முதல் 1,500 வரை கேட்பார்கள். வாரன்டி இல்லாமல் ஃபேன் மாற்ற என்னிடம் 2,400 சொன்னார்கள்.

கூலிங் பேட் வாங்கியே ஆக வேண்டும் என்றால் கடைசியாக வாங்குங்கள், திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில், அந்த நாள்களுக்குள் 2-ஆம் படித் தாளை எடுத்து ஒருமுறை அளந்து பாருங்கள். என்னுடையதைத் திருப்ப ஏழு நாள் இருந்தது. நான் அளந்தது ஐம்பதாவது நாள். இப்போது அண்ணன் அதன்மேல் டேபிள் லாம்ப் வைத்திருக்கிறார்.